போலீசாரை வீடியோ எடுக்கலாமா? களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு சந்தை முக்கில் வாகனச் சோதனை. அவருடைய சித்தப்பா மகனை நிறுத்தியிருக்கிறார்கள். பேச்சு முற்றி, ஒரு போலீஸ்காரர் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் ஒரு அடியும் கொடுத்துவிட்டார். தம்பி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று அதைப் போனில் எடுத்திருக்கிறார். உடனே வந்து போனை வாங்கி, வீடியோவை அழித்துவிட்டு, "போலீஸ வீடியோ எடுத்தா என்ன கேஸ் தெரியுமா, உள்ள போயிருவ" என்று மிரட்டி அனுப்பியிருக்கிறார்கள். "அப்படி ஒரு கேஸ் உண்டா அண்ணே? அழித்தது சரியா? வீடியோ திரும்பக் கிடைத்தால் பேஸ்புக்கில் போடலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, அப்படி ஒரு கேஸ் கிடையாது. பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீசாரைப் படம் பிடிப்பது குற்றம் என்று சொல்லும் பிரிவு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (பிஎன்எஸ்) இல்லை. சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். அதற்கு மேல், அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சு, கருத்துரிமைக்குள் தகவல் பெறும் உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஒரு அரசு ஊழியர் நடுரோட்டில், சீருடையில், சம்பளத்துக்குச் செய்யும் வேலை தகவல் அல்ல என்றால் வேறு எதுதான் தகவல்?

"என் பிரைவசி என்ன ஆவது?" என்று சில அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலேயே இருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடலாமா கூடாதா என்று நடந்த வழக்கு. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994. தனியுரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொன்ன அதே தீர்ப்பு, அரசு அலுவலர்கள் தங்கள் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்றும் சொன்னது. ஆக, ஒரு ஏட்டையா வீட்டுத் திண்ணையில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பதை நீங்கள் எடுத்தால் தப்பு உங்கள் பக்கம். அதே ஏட்டையா முக்கில் நின்று வண்டியை மறிப்பதை எடுத்தால் தப்பு இல்லை.

இனி நம்ம மாவட்டக்காரர்கள் மட்டுமே அன்றாடம் பார்க்கக்கூடிய ஒரு விஷயம். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் களியக்காவிளை, தமிழ்நாட்டின் எல்லை. அதைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை. அங்கே கேரள போலீஸ். அவர்களுக்கு 2011இல் இயற்றிய கேரள போலீஸ் சட்டம் இருக்கிறது. அதன் 33ஆம் பிரிவில், போலீஸ் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டத்துக்கு உட்பட்டு ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வதை எந்தப் போலீஸ் அதிகாரியும் தடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படி எழுதிய ஒரு வரி இல்லை. உரிமை இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் அங்கே பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம், இங்கே "தடுக்கும் சட்டம் எது, காட்டுங்கள்" என்றுதான் கேட்க முடியும். நடு ராத்திரி லத்தி பிடித்தவரிடம் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். 1956 நவம்பர் 1 வரை நாம் எல்லோரும் ஒரே திருவிதாங்கூர், திரு-கொச்சி சட்டங்களின் கீழ் இருந்தவர்கள். இன்று ஒரு செக்போஸ்டைத் தாண்டினால் கிடைக்கும் அந்த ஒற்றை வரி இங்கேயும் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். சட்டமன்றத்தில் நிறைவேற்ற ஒரு நாள்கூட ஆகாது.

சரி, கேஸ் கிடையாது என்றால் வீடியோ எடுத்தவர்கள் மேல் எப்படிக் கேஸ் வருகிறது? இதைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எஃப்ஐஆரில் "வீடியோ எடுத்தார்" என்று குற்றச்சாட்டு இருக்காது. "பணி செய்யவிடாமல் தடுத்தார்", "ஆபாசமாகத் திட்டினார்", "கொலை மிரட்டல் விடுத்தார்" என்றுதான் இருக்கும். நம் ஊர்க் கோர்ட்டுகளில் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 353, 506(2) மூன்றும் சேர்ந்தே நடக்கும். புதிய எண்களில் அவை 296(பி), 132, 351. இவற்றோடு 221 வரலாம், பழைய 186.

இதில் 221க்கும் 132க்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வையுங்கள். 221 என்றால் அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு. மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடியது. அதோடு, சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) அதை விசாரணைக்கே எடுக்க முடியும். 132 அப்படி இல்லை. அரசு ஊழியரைப் பணியிலிருந்து தடுக்கத் தாக்குவது அல்லது பலப்பிரயோகம் செய்வது. இரண்டு ஆண்டு வரை சிறை, ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஒரு இரவு வீட்டில் தூங்குகிறீர்களா, நாங்குநேரி தாண்டி பாளையங்கோட்டை சிறை வரை போகிறீர்களா என்பதை இந்த இரண்டு எண்கள்தான் தீர்மானிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் கை. போனைப் பறிக்க வரும் கையைத் தட்டிவிட்டால்கூட "பலப்பிரயோகம்" என்று எழுத இடம் கொடுத்துவிடுகிறீர்கள். போன் போனாலும் பரவாயில்லை, கையைத் தொடாதீர்கள்.

அதனால் தூரம் முக்கியம். நீங்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றது சரி. பத்து, பதினைந்து அடி விலகி, வழியை மறிக்காமல், வாய் பேசாமல் நின்று எடுப்பவர் எந்தப் பணிக்கும் இடையூறு இல்லை. முகத்துக்கு நேரே போனை நீட்டி "பேரைச் சொல்லு, பேட்ஜைக் காட்டு" என்று வட்டமிட்டு எடுப்பது வேறு. அது யூடியூபுக்கு நன்றாக இருக்கும், கோர்ட்டில் நம்மையே கெடுக்கும். பின்னால் தள்ளி நிற்கச் சொன்னால் தள்ளி நின்று எடுங்கள். கூட்டத்தையே கலைந்து போகச் சொல்லி உத்தரவு போட்டால் கையில் கேமரா இருப்பவருக்கும் அது பொருந்தும்.

போலீஸ் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு களியக்காவிளை செக்போஸ்டில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் மாவட்டத்து ராத்திரி டூட்டிக்காரர் யாரும் அதை மறந்திருக்க மாட்டார். இருட்டில் ஒருவன் சட்டென்று பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினால் அவருக்கு முதலில் தோன்றுவது போன் அல்ல. மெதுவாக எடுங்கள், கை தெரியும்படி பிடியுங்கள். தேவைப்பட்டால் "சார், போனில் பதிவு செய்கிறேன்" என்று ஒரு முறை சொல்லுங்கள். அந்தச் சொல்லும் வீடியோவிலேயே பதிவாகும், பின்னால் உதவும்.

ஸ்டேஷனுக்குள் எடுப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது உண்டு. வார்தாவில் ஒரு காவல் நிலையத்தில் வீடியோ எடுத்தவர் மேல் அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட வழக்கை 2022இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ரத்து செய்தது. அந்தச் சட்டம் "தடைசெய்யப்பட்ட இடம்" என்று சொல்வதில் காவல் நிலையம் வராது என்பது அந்தத் தீர்ப்பு. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டி வாதிடலாம். இருந்தாலும் என் ஆலோசனை: புகார் கொடுக்கப் போன இடத்தில் அனுமதி இல்லாமல் போனைத் தூக்காதீர்கள். அங்கே பெண்கள் இருப்பார்கள், சிறுவர்கள் இருப்பார்கள், வேறு யாரோ கொடுத்த ரகசியப் புகார் மேசையில் கிடக்கும். உள்ளே பதிவு செய்ய வேண்டிய கடமை ஏற்கெனவே அவர்களுடையது. 2020 டிசம்பர் 2இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை என்று எல்லா இடத்திலும் ஒலியோடு சிசிடிவி வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இப்போது போனை வாங்கி அழித்தது. இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒரு போன் குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகித்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 106இன் கீழ் போலீஸ் அதைக் கைப்பற்றலாம். ஆனால் கைப்பற்றினால் மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுத வேண்டும், நடுவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அழித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு எந்தப் பிரிவிலும் இடம் இல்லை. மாறாக, நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்துவிடக் கூடாது என்று ஒரு மின்னணுப் பதிவை அழிப்பது பிஎன்எஸ் 241இன் கீழ் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். சீருடை போட்டவருக்கு அதில் விலக்கு இல்லை. வீடியோவில் குற்றம் உங்களுடையது என்றால் அது அவர்களுக்குச் சாட்சியம், அழிக்கக் கூடாது. குற்றம் அவர்களுடையது என்றால் அது உங்களுக்குச் சாட்சியம், அப்போதும் அழிக்கக் கூடாது.

ஒரு சின்ன வீடியோ என்ன செய்யும் என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்பது வேண்டாம். ஒரு அம்மா, மகனுடைய போனை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு என் ஆபீஸ் வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த வீடியோ, ஒரு நிமிஷம்கூட இல்லை. திரையில் குறுக்காக ஒரு விரிசல். முதலில் வெறும் தரை, செருப்பு. அப்புறம் ஒரு ஜீப்பின் பின்பக்கம், அதில் ஏற்றப்படும் மகனின் நீலச் சட்டை. போலீஸ்காரர் முகமோ பேட்ஜோ எதுவும் தெளிவாக இல்லை. அந்த அம்மாவே "இதுல ஒண்ணும் தெரியல இல்லியா சார்" என்றார். நான் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பின்னணியில் ஒரு பெண் சாளைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்திச் சந்தை. கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது, கடை பல்புகள் எரிய ஆரம்பித்திருந்தன. போலீஸ் தரப்புக் கைதுக் குறிப்பில் இருந்ததோ, மறுநாள் விடிகாலை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் பிடித்ததாக. அந்திச் சந்தைக்கும் விடிகாலைக்கும் நடுவில் ஒரு முழு இரவு காணாமல் போயிருந்தது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியை வளைப்பது இப்படித்தான். நேரத்தை மாற்றி எழுதுவார்கள். ஜாமீன் விசாரணையில் அந்த மீன்காரப் பெண்ணின் குரல்தான் எங்களுக்குச் சாட்சி.

அதிலிருந்து எனக்குத் தெரிந்த பாடம், எடுக்கும்போது முகத்தை மட்டும் துரத்தாதீர்கள். சுற்றிலும் ஒரு முறை மெதுவாகக் காட்டுங்கள். கடைப் பலகை, ஸ்டாப்பில் நிற்கும் பஸ், ஜீப்பின் எண், தெருவிளக்கு. உங்கள் குரலைக் குறையுங்கள், ஊரின் குரல் கேட்கட்டும். போன் காட்டும் தேதியை மாற்ற முடியும் என்று எதிர்த் தரப்பு வாதிடும், ஊரின் குரலை அப்படிச் சொல்லிவிட முடியாது. கைது நடக்கும் இடமாக இருந்தால், கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 36 சொல்கிறது. 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிகள் சட்டத்துக்குள் வந்தவை இவை. அதே பிஎன்எஸ்எஸ்ஸின் 105ஆம் பிரிவு, சோதனை போடுவதையும் பொருள் கைப்பற்றுவதையும் போலீஸே ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, முடிந்தவரை செல்போனிலேயே. போலீஸ் கையில் இருக்கும் செல்போன் நீதிக்குத் துணை என்றால் ஜனங்கள் கையில் இருப்பதும் துணைதான்.

பேஸ்புக்கில் போடலாமா? போடுவது குற்றம் இல்லை, ஆனால் முதல் வேலையாக அதைச் செய்யாதீர்கள். உண்மையைப் பொது நன்மைக்காக வெளியிட்டால் அவதூறு ஆகாது. அரசு ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதும் ஆகாது. இரண்டுமே பிஎன்எஸ் 356இல் விதிவிலக்குகளாக இருக்கின்றன. சிக்கல் வீடியோவில் வருவதைவிட அதற்கு மேலே எழுதும் நாலு வரியில்தான் அதிகம் வருகிறது. அடித்தவரின் சாதி, மதம், அவர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர் என்று ஊகித்து எழுதினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். 1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்தை இன்னும் மறக்காத மாவட்டம் இது. நடந்த இடம், தேதி, நேரம், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரோ 18 வயதுக்குக் கீழே உள்ளவரோ காட்சியில் இருந்தால் வெளியிடவே கூடாது. அது தனிக் குற்றம். உங்கள் சித்தப்பா மகனையும் கேளுங்கள். அடி வாங்கும் தன் முகம் ஊரெல்லாம் சுற்றுவதை அவர் விரும்புகிறாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை சொல்கிறேனே, அப்படியானால் எடுக்காமலே இருந்துவிடலாமா என்று நினைக்காதீர்கள். 2020 ஜூனில் நமக்குப் பக்கத்துச் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தது, ஆனால் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் ஒரு சோதனைச் சாவடியில் வியாபாரி ஒருவர் லத்தியால் அடிபட்டு இறந்தார். கூட இருந்தவர் போனில் எடுத்த காட்சி வெளியே வந்ததும் சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் விசாரணையில் இறந்தபோது, ஒருவர் மறைந்திருந்து எடுத்த சில நொடிக் காட்சி மதுரைக் கிளை வரை போனது. ஐந்து போலீசார் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. அரசாங்கத்தின் கேமரா அழிந்துபோன இடமும் உண்டு, சாதாரண மனிதரின் போன் பேசிய இடமும் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் போனில் இனிமேல் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள், பழைய இடத்தில் புதியது பதிந்துவிடும். கேலரியில் "சமீபத்தில் நீக்கியவை" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பல போன்களில் அழித்தது 30 நாள் வரை அங்கே கிடக்கும். அவசரத்தில் அழித்தவர்கள் அந்த இடத்தை மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். கூகுள் போட்டோஸில் தானாகச் சேமிப்பு இருந்தால் அங்கேயும் பாருங்கள். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது கோப்பைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், நம்பிக்கையான இரண்டு பேருக்கு மட்டும், குரூப்பில் அல்ல. வெட்டவோ, எழுத்துச் சேர்க்கவோ, பாட்டுப் போடவோ வேண்டாம். போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். மூலப் போனையே கோர்ட்டில் காட்ட முடிந்தால் நல்லது. நகலைக் கொடுப்பதாக இருந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய 65பி தான் இது. இப்போது கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் எழுத வேண்டும்.

வீடியோ திரும்பக் கிடைக்காவிட்டாலும் புகார் நிற்கும். சித்தப்பா மகன் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சீட்டு வாங்கியிருக்கிறாரா? இல்லையென்றால் இன்றைக்கே போகச் சொல்லுங்கள், யார் அடித்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு, நகல் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு. ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் போய்ச்சேர வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100க்குக் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கும். மனுவில் ஒரு பத்தி கட்டாயம் எழுதுங்கள்: அன்று இரவு எட்டரை முதல் பத்தரை வரை அந்த முக்கில் உள்ள கேமரா பதிவையும், சோதனைக்குப் போன ஜீப் நிலையத்துக்குத் திரும்பிய நேரத்து வாசல் பதிவையும் அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்று. முக்கில் இருக்கும் கடைகளின் கேமராக்கள் ஒரு வாரம், பத்து நாளிலேயே பழையதன் மேல் புதியதைப் பதிந்துவிடும். நாளைக் காலை கடை திறந்ததும் அந்த முதலாளியிடம் போய் நல்ல வார்த்தை சொல்லி, ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.